புது கார்வெட் வாங்கியவர் இரண்டு நாள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போகத்தான் வேண்டுமா?

கோயம்புத்தூரிலிருந்து டாலஸுக்கு வந்து குடியேறிய நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புது சி8 கார்வெட் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. நெவாடாவில் கார்வெட் ஓனர்களுக்கென்று இரண்டு நாள் டிரைவிங் ஸ்கூல் நடக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்கிறார் டீலர். நான் இருபது வருடமாக ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டுகிறேன். ரேஸ் ஓட்டும் ஆசையும் இல்லை. லீவு போட்டு, ஃப்ளைட் டிக்கெட் எடுத்துப் போகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? என் காரையே கொண்டுபோக வேண்டுமா? மனைவியும் வரலாமா? வீட்டில் பதினேழு வயது மகள் இருக்கிறாள், அவளுக்கும் இப்படி ஏதாவது உண்டா?"

(தெரியாதவர்களுக்கு: கார்வெட் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே பிரிவு செய்யும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார், சி8 அதன் எட்டாம் தலைமுறை.) கட்டாயம் போங்கள். நான் அந்த ஸ்கூலுக்குப் போய் வந்தவன். அதன்பிறகு சொந்தக் காரை ரேஸ் பாதையில் ஓட்டிப் பழகுவதற்காக கார் கிளப்புகள் நடத்தும் டிராக் நாட்களில் புதியவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே நான் எழுதுவதில் பாதி ஸ்கூலில் கற்றது, மீதி அந்தப் பக்கத்து சீட்டில் கற்றது.

முதலில் அந்த இருபது வருடத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். இத்தனை வருடத்தில் எத்தனை முறை பிரேக்கை அதன் முழு பலத்துக்கும் மிதித்திருப்பீர்கள்? என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர்களிடம் இதைக் கேட்டால், பெரும்பாலானவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு "ஒருதடவைகூட இல்லை" என்பார்கள். சாதாரணமாக ஊருக்குள் பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் காரின் பிடிப்பில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகிறது. உங்கள் கார்வெட் நல்ல தரையில் புவியீர்ப்புக்குச் சமமான விசையில், அதாவது சுமார் 1 ஜி அளவுக்கு, பிரேக் பிடிக்கும், திரும்பும். பயன்படுத்தாத அந்த முக்கால் பங்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. எதிரே மான் குதிக்கும்போதோ, முன்னால் போகும் லாரியிலிருந்து ஏணி விழும்போதோதான் அதற்குள் முதல்முறையாகக் கால் வைக்கிறோம். தெரியாத வீட்டுக்குள் கரண்ட் போன நேரத்தில் நுழைவது மாதிரி அது. அந்த வீட்டை விளக்குப் போட்டு, அறை அறையாகச் சுற்றிக் காட்டுவதுதான் இந்த ஸ்கூலின் வேலை. ரேஸ் ஓட்டும் ஆசைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நான் போனதற்குக் காரணம் ஒரு மழைநாள். அப்போது என்னிடம் இருந்தது பின்சக்கரத்தில் இயங்கும் வேறொரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஃப்ரீவேயிலிருந்து இறங்கும் வளைந்த ராம்ப். வேகம் கொஞ்சம் அதிகமோ என்று வளைவின் நடுவில் தோன்றியது. யாருக்கும் தோன்றுகிற மாதிரி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். அடுத்த நொடி பின்பக்கம் வீசிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. வண்டி முழுதாகச் சுற்றி, வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. பின்னால் வேறு வண்டி வரவில்லை, அதனால் உயிரோடு இருக்கிறேன். என் மகன் அப்போது பின்சீட்டில் இருந்தான். நான் செய்த தப்பு என்ன என்று அன்று எனக்குப் புரியவில்லை, அதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

தப்பு இதுதான். வண்டியின் எடை எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எடை பின்னால் சாயும், காலை எடுத்தால் முன்னால் சாயும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதேதான். எந்த டயர்மேல் எடை அழுத்துகிறதோ அந்த டயருக்குப் பிடிப்பு கூடும், எடை குறைந்த டயருக்குப் பிடிப்பு குறையும். வளைவின் நடுவில் சட்டென்று காலை எடுத்தேன், எடை முன்னால் ஓடியது, பின் டயர்கள் லேசாகிவிட்டன, ஈரத்தரை வேறு. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. உங்கள் சி8 காரில் இதை இன்னும் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2019 மாடல் வரை கார்வெட்டுக்கு எஞ்சின் முன்னால் இருந்தது. சி8 காரில் எஞ்சின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, மொத்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்சக்கரங்களின்மேல். எலெக்ட்ரானிக்ஸ் நன்றாகக் காப்பாற்றும், ஆனாலும் அந்த எடை ஒருமுறை வீச ஆரம்பித்தால் நிறுத்துவது எளிதல்ல.

இனி ஸ்கூலுக்கு வருகிறேன். லாஸ் வேகாஸிலிருந்து 160-ஆம் நம்பர் சாலையில் மலையைத் தாண்டி மேற்கே சுமார் 60 மைல் போனால் பஹ்ரம்ப் என்ற பாலைவன ஊர் வரும். அங்கே ஸ்பிரிங் மவுண்டன் என்ற பெரிய ரேஸ் டிராக் வளாகத்துக்குள் ரான் ஃபெலோஸ் பெர்ஃபார்மன்ஸ் டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. ரான் ஃபெலோஸ் கனடாக்காரர். 2001-இல் டேட்டோனா 24 மணி நேரப் போட்டியில் எல்லா வகை கார்களையும் முந்தி முதலாவதாக வந்த கார்வெட் அணியில் ஓட்டியவர். புது கார்வெட் வாங்கும் முதல் உரிமையாளருக்குக் கட்டணத்தில் பெரும்பகுதியை ஜெனரல் மோட்டார்ஸே கொடுத்துவிடும். நான் போனபோது வாங்கிய ஓராண்டுக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது, ஆகவே தள்ளிப்போடாமல் டீலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். தேதியைக் குளிர்மாதங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கோடையில் அந்தப் பாலைவனம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை அநாயாசமாகத் தாண்டும், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அந்த வெயிலில் நாள் முழுக்கக் கவனம் நிற்பது கஷ்டம்.

உங்கள் காரைக் கொண்டுபோக வேண்டியதில்லை. எல்லாப் பயிற்சியும் அவர்களுடைய கார்வெட்களில்தான், டயரும் பிரேக்கும் தேய்வது அவர்கள் கணக்கு. இதை நான் ஒரு பெரிய நன்மையாகச் சொல்வேன். சொந்தக் காராக இருந்தால் மனது டயரின்மேலேயே இருக்கும், முழு பலத்தோடு பிரேக்கை மிதிக்கவே மாட்டோம்.

முதல் நாள் காலை, என்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் சீட்டைச் சரிசெய்யச் சொல்வார்கள். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நினைக்காதீர்கள். முதுகு சீட்டில் முழுதாகப் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். பிரேக்கை அடிவரை மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். கைகள் கடிகாரத்தின் ஒன்பதிலும் மூன்றிலும். நம்மில் பலர் பின்னால் சாய்ந்து, ஒரு கையை மேலே போட்டு ஓட்டிப் பழகியவர்கள். அப்படி உட்கார்ந்தால் வளைவில் உடம்பு சரியும், சரியும் உடம்பைத் தாங்க ஸ்டீயரிங்கையே பிடித்துத் தொங்குவோம். தொங்குகிற கைக்குச் சக்கரம் சொல்வது கேட்காது. முன் டயர் பிடியை விடும்போது ஸ்டீயரிங் லேசாகிப்போவதை விரல்கள் உணரும், அந்த உணர்ச்சிக்காகத்தான் இத்தனை பாடு.

அடுத்தது பிரேக். எனக்கு அந்த இரண்டு நாளில் மிகப் பெரிய பாடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நேரான பாதை. கடைசியில் ஆரஞ்சு நிறக் கோன்கள் வரிசையாக. வேகமெடுத்து வந்து, முதல் கோனைத் தாண்டும்போது பிரேக்கை முழுதாக மிதிக்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. முதல் தடவை நான் மிதித்தேன், வண்டி நின்றது, நன்றாகத்தான் செய்தோம் என்று நினைத்தேன். காதில் ரேடியோவில் இன்ஸ்ட்ரக்டர் குரல்: "அது பாதிதான். மறுபடி." இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை, பெடலை உடைத்துவிடுவது என்ற முடிவோடு மிதித்தேன். கீழே பெடல் படபடவென்று காலை உதைத்தது, சீட் பெல்ட் தோளை இறுக்கிப் பிடித்தது, டேஷ்போர்டில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடி பறந்து விண்ட்ஷீல்டில் மோதியது. முதல் தடவை நின்ற இடத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே வண்டி நின்றிருந்தது. நடுவில் கிடந்த அந்தத் தார்த்தரையை இறங்கி நின்று பார்த்தேன். நான்கைந்து கார் நீளம். இத்தனை வருடமாக என் கையில் இருந்தும் நான் தொடாத தூரம் அது.

அந்தப் படபடப்புதான் ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் தறுவாயில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. அந்த உதையை உணர்ந்ததும் பயந்து காலைத் தளர்த்துபவர்கள் நிறையப் பேர், அங்கேதான் விபத்து நடக்கிறது. தளர்த்தாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, பூட்டிக்கொண்ட சக்கரம் வண்டியைத் திருப்பாது, உருளும் சக்கரம்தான் திருப்பும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிடுவதால், முழு பிரேக் மிதித்தபடியே ஸ்டீயரிங்கை ஒடித்துத் தடையைத் தாண்டிப் போகலாம். அடுத்த பயிற்சியே அதுதான்: முழு பிரேக், கூடவே ஒடிப்பு, கோனைச் சுற்றி வெளியே. ஊரில் பழைய வண்டிகளில் ஓட்டப் பழகிய நமக்கு பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கும் பழக்கம் காலில் ஊறிக் கிடக்கிறது. அந்தப் பழக்கம் அழிய எனக்கு ஒரு காலைப்பொழுது ஆனது.

வேகத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எண்ணாகப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. 1 ஜி அளவுக்கு பிரேக் பிடிக்கும் கார் 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 120 அடி வேண்டும். வேகம் இரட்டிப்பாகி 120 மைல் ஆனால் தூரம் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும்: 480 அடி. இதில் நம் கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தைச் சேர்க்கவில்லை. ஒரு நொடி தாமதித்தால் 60 மைலில் 88 அடி, 120 மைலில் 176 அடி சும்மா ஓடிப்போயிருக்கும். டெக்ஸஸின் நீளமான நேர்ச்சாலைகளில் உங்கள் கார் ஒரு மூச்சுக்குள் அந்த வேகத்தைத் தொட்டுவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிரேக்குக்கு அடுத்து கண். சின்ன வயதில் சைக்கிள் பழகியது நினைவிருக்கும். நடுரோட்டில் ஒரு கல் கிடக்கும். அதில் ஏறிவிடக் கூடாது என்று கல்லையே பார்த்துக்கொண்டு போவோம், சொல்லிவைத்தாற்போல் முன்சக்கரம் நேராகப் போய்க் கல்லில் ஏறும். காரிலும் அதேதான். கண் எங்கே போகிறதோ கை அங்கே திருப்பும். வண்டி சறுக்கும்போது சுவரைப் பார்த்தவர் சுவரில் மோதுவார், தப்பிக்கும் வழியைப் பார்த்தவர் வழியில் போவார். இன்ஸ்ட்ரக்டர்கள் இரண்டு நாளும் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே வார்த்தை "பார்". வளைவுக்குள் நுழையும்போதே வெளியேறும் இடத்தைப் பார். கூர்மையான வளைவில் விண்ட்ஷீல்ட் வழியாகப் பார்த்தால் போதாது, கழுத்தைத் திருப்பிப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார். முதலில் கழுத்து வலித்தது. மதியத்துக்குள் டிராக் அகலமானது போலவும் வண்டி மெதுவாகப் போவது போலவும் இருந்தது. ஆனால் ஸ்பீடோமீட்டர் முன்னைவிட அதிகம் காட்டியது.

பிறகு டயர். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அளவு. 1,600 கிலோவுக்கும் மேல் எடையுள்ள கார் நான்கு உள்ளங்கைகளில் நிற்கிறது. அந்தப் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி, வருவது ஒரே தொகை. பிரேக், திருப்பம், ஆக்ஸிலரேஷன் மூன்றும் அதிலிருந்துதான் செலவாக வேண்டும். முழுச் சம்பளத்தையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்பத்துக்கு ஒன்றும் மிஞ்சாது, வண்டி ஒடித்தாலும் நேராகப் போகும். ஏபிஎஸ் சக்கரத்தை உருளவிட்டு, திருப்பத்துக்குக் கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தருவதால்தான் முன்பு சொன்ன கோன் பயிற்சி சாத்தியமாகிறது. ஆனால் சம்பள உதாரணம் ஓரிடத்தில் பிசகும், அதையும் சொல்ல வேண்டும். பாதிப் பிடிப்பை பிரேக்குக்குச் செலவழித்தால் மீதி பாதிதான் திருப்பத்துக்கு என்று நினைப்போம். உண்மையில் இந்தக் கணக்கு ஒரு வட்டத்தைப் பின்பற்றுகிறது. 50 சதவீதம் பிரேக்குக்குப் போனாலும் திருப்பத்துக்கு ஏறக்குறைய 87 சதவீதம் மிச்சம் இருக்கும். 90 சதவீதம் பிரேக்குக்குப் போனால்தான் அது 44-ஆகச் சுருங்கும். வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைச் சட்டென்று விடாமல், ஸ்டீயரிங் திரும்பத் திரும்பக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவதை டிரெயில் பிரேக்கிங் என்கிறார்கள். அதற்கு இடம் கொடுப்பது இந்த வட்டம்தான். எடை முன் டயர்மேல் நிற்பதால் முன்பக்கம் கடித்துக்கொண்டு திரும்பும். இதைக் கால் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதாது. ஆனால் முதல்முறை சரியாக வரும்போது தெரியும், வண்டி உங்களோடு சேர்ந்து மூச்சுவிடுவது போல இருக்கும்.

எல்லாம் டயர்தானா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது உங்கள் ஊர்க்காரர் கதை. கோயம்புத்தூர் ரேஸ் டிரைவர் நரேன் கார்த்திகேயன் 1992-இல் பிரான்ஸ் போய் வின்ஃபீல்டு ரேஸிங் ஸ்கூலில் பயிற்சி எடுத்தவர். ஆக, உலகத்தரத்தில் ஓட்டியவர்களும் இப்படி ஒரு பள்ளியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தாம். 2005-இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்றுக்குப் போனார். அந்த வருடம் இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர் போட்டிருந்த 14 கார்கள், சாய்வான கடைசி வளைவின் அழுத்தத்தை டயர் தாங்காது என்ற பயத்தால் போட்டி தொடங்குமுன் ஓடும் ஃபார்மேஷன் சுற்று முடிந்ததும் பிட் எனப்படும் பழுதுபார்க்கும் இடத்துக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயரோடு இருந்த ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்தார். உலகத்தின் மிகச் சிறந்த கார்களும் டிரைவர்களும் அன்று நின்றுபோனது டயரால்.

லைன் என்று ஒரு சொல் இரண்டு நாளும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். வளைவுக்குள் வெளியோரத்திலிருந்து நுழைந்து, உள்ளோரத்தை ஒரு புள்ளியில் தொட்டு, மறுபடி வெளியோரத்துக்குப் போகும் பாதை அது. உள்ளோரத்தைத் தொடும் புள்ளியை அபெக்ஸ் என்பார்கள். புதியவர்கள் எல்லாரும் செய்யும் ஒரே தப்பு, சீக்கிரம் திரும்பிவிடுவது. நானும் செய்தேன், என் பக்கத்தில் உட்காரும் பத்தில் ஒன்பது பேர் செய்கிறார்கள். வளைவைக் கண்டதும் மனது பதறி உள்ளே இழுக்கிறது. உள்ளோரத்தைச் சீக்கிரம் தொட்டுவிட்டால் வெளியேறும் இடத்தில் தரை தீர்ந்துபோகும். பொறுத்திருந்து, இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்து, தாமதமாகத் திரும்ப வேண்டும். அப்போது வளைவின் முடிவில் ஸ்டீயரிங் நேராகிவிடும், ஆக்ஸிலரேட்டரை நிம்மதியாக அழுத்தலாம். மலைப்பாதையில் இதன் அருமை தெரியும். சீக்கிரம் திரும்புகிற வண்டிதான் கொண்டைஊசி வளைவின் முடிவில் எதிர்த்தடத்துக்குள் போகிறது.

இன்ஸ்ட்ரக்டர் முன்னால் ஒரு காரில் போக, நாம் பின்னால் அவர் போகும் அதே தடத்தில் போவதுதான் டிராக்கில் முக்கியப் பயிற்சி. நன்றாக வந்தால் வேகத்தைக் கூட்டுவார், தடுமாறினால் குறைப்பார். கார்வெட்டில் பெர்ஃபார்மன்ஸ் டேட்டா ரெக்கார்டர் என்று ஒரு வசதி 2015 மாடலிலிருந்து இருக்கிறது. விண்ட்ஷீல்டுக்கு மேலே உள்ள கேமரா எடுக்கும் படத்தின்மேலேயே வேகம், கியர், பிரேக், ஜி அளவு எல்லாம் பதிவாகும். உங்கள் காரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் உட்கார்ந்து என் பதிவைப் பார்த்தபோது, நான் "கடைசி நொடியில்" பிரேக் போட்டதாக நினைத்த இடங்களில் எல்லாம் அதற்கு முன்பே காலை எடுத்துவிட்டு, இரண்டு நொடி எதையும் மிதிக்காமல் போயிருந்தேன். நினைப்புக்கும் நடப்புக்கும் இருந்த இடைவெளியை அந்தப் படம் காட்டியது.

மனைவியைத் தாராளமாக அழைத்துப் போங்கள், ஆனால் வேடிக்கை பார்ப்பவராக அல்ல. அவருக்கும் ஓர் இடம் பதிவு செய்யுங்கள். அவர் கட்டணம் உங்களுடையதைவிடக் கூடலாம், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்கு வேக ஓட்டம் பழக்கமில்லை" என்று தயங்கி வருபவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைவிட விரைவில் முன்னேறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அழிக்க வேண்டிய பழக்கம் குறைவு, சொன்னதை அப்படியே செய்கிறார்கள். வண்டியை வீட்டில் இருவரும் ஓட்டுவீர்கள் என்றால் இருவருக்கும் தெரிந்திருப்பதுதான் முறை.

இப்படி ஓனர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் இந்த நாட்டில் பழையது. பாப் பாண்டுராண்ட் என்ற ரேஸ் டிரைவர் 1967-இல் வாட்கின்ஸ் க்ளென் என்ற ரேஸ் டிராக்கில் ஓட்டும்போது காரின் ஸ்டீயரிங் பாகம் உடைந்து பலமுறை உருண்டார். கால்கள் நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு டிரைவிங் ஸ்கூலைத் திட்டமிட்டார். 1968-இல் கலிஃபோர்னியாவில் அதைத் தொடங்கி, 2021-இல் இறக்கும்வரை அதுவே அவர் அடையாளமாக இருந்தது. இன்று போர்ஷே அட்லாண்டாவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும், பிஎம்டபிள்யூ தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்கிலும் தங்கள் சொந்தப் பயிற்சி மையங்களை நடத்துகின்றன. கார்வெட் இல்லாத நண்பர்கள் கேட்டால் அங்கே அனுப்புங்கள்.

திரும்பி வந்ததும் உங்கள் காரிலேயே டிராக்கில் ஓட்ட ஆசை வரும். வரட்டும். அதற்குமுன் சிலவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது எஞ்சின் 1,500 மைல் ஓடி முடிக்கும்வரை டிராக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், காரின் கையேட்டில் அந்தப் பகுதியைப் படியுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. டாட் 4 என்ற தரத்து எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரி. கொதித்தால் குழாயில் குமிழி வரும், குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போகும். ஆகவே டிராக்குக்குப் போகுமுன் எண்ணெயை மாற்றிவிடுவது உயிர்காக்கும் செலவு. ஹெல்மெட் வாங்கினால் ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ முத்திரை உள்ளதாக வாங்குங்கள். பைக் ஹெல்மெட்டின் எம் முத்திரை வேறு, எஸ்ஏ வகைக்குத் தீப்பிடிக்காத தன்மையையும் சோதிக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பல சாதாரணப் பாலிசிகள் ரேஸ் டிராக்கில் நடப்பதை ஏற்பதில்லை, அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனிப் பாலிசி எடுக்கலாம்.

டாலஸ் பக்கம் உங்களுக்கு வாய்ப்பு நிறைய. கிரெஸனில் மோட்டார்ஸ்போர்ட் ராஞ்ச் இருக்கிறது. ஆஸ்டினில் 2012-இல் திறந்த சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் இருக்கிறது, 3.41 மைல், 20 வளைவுகள், ஃபார்முலா ஒன் ஓடும் அதே தளம். கிளப்புகள் நடத்தும் பயிற்சி நாட்களில் புதியவர்களுக்குப் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்காருவார். முன்னால் போகிறவர் கைகாட்டி அனுமதித்தால் மட்டுமே முந்தலாம். முதல் தடவை ஆஸ்டின் வேண்டாம், நீளமான நேர்ப்பாதையின் வேகம் கவனத்தைத் தின்றுவிடும். சின்ன டிராக்கில் தொடங்குங்கள். டிராக்கில் காரின் எலெக்ட்ரானிக் பாதுகாப்பை அணைத்துவிட்டால்தான் ஓட்டுநர் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பாதுகாப்பு எவ்வளவு குறுக்கிட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பெர்ஃபார்மன்ஸ் டிராக்‌ஷன் மேனேஜ்மெண்டில் ஐந்து படிகள் இருக்கின்றன. ஈரத்தரைக்கான "வெட்" படியை விட்டு, காய்ந்த தரைக்கான "ட்ரை"யிலிருந்து தொடங்கி, அது குறுக்கிடாத அளவுக்கு உங்கள் கால் மென்மையான பிறகு ஒவ்வொரு படியாக ஏறுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. அவளுக்கு கார்வெட் ஸ்கூல் வேண்டாம். டயர் ரேக் ஸ்ட்ரீட் சர்வைவல் என்று பதின்வயதினருக்கான ஒருநாள் பயிற்சி பல ஊர்களில் நடக்கிறது. அவள் தினமும் ஓட்டும் காரையே, கேம்ரியோ சிஆர்வியோ, கொண்டுபோகலாம். உங்கள் செலவில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கார்வெட் ஸ்கூலைத் தள்ளிவைத்து இதை முதலில் செய்யுங்கள் என்பேன்.

இதுபோன்ற ஒரு பயிற்சி நாளில் நான் தன்னார்வலராகப் போயிருந்தேன். பெரிய வாகன நிறுத்துமிடம், நடுவில் லாரியிலிருந்து தண்ணீர் பாய்ச்சி நனைத்த தரை. என் பக்கத்தில் ஸ்டீயரிங்கில் ஒரு தமிழ்ப் பெண், லைசென்ஸ் வாங்கி மூன்று மாதம். அம்மா ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "கோனைத் தாண்டியதும் பிரேக்கை முழு பலத்தோடு மிதிம்மா, விட்டுடாதே" என்றேன். 35 மைல் வேகத்தில் வந்தாள், மிதித்தாள், பெடல் காலை உதைத்ததும் அலறிக்கொண்டு காலை எடுத்துவிட்டாள். வண்டி கோன்களைத் தள்ளிக்கொண்டு போய் நின்றது.

"அங்கிள், பிரேக் உடைஞ்சிடுச்சா?"

"இல்லம்மா. இப்பதான் வேலை செய்யுது. அந்த உதை வந்தா, இன்னும் அழுத்து."

திரும்பிப் போய் வரிசையில் நின்றோம். அடுத்த முறை அவள் காலை எடுக்கவில்லை. தண்ணீர் தெறிக்க, பெடல் படபடக்க, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தபடியே ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். வண்டி கோன்களைத் தொடாமல் சுற்றிப்போய் நின்றது. ஜன்னலை இறக்கி, ஓரத்தில் இருந்த அம்மாவிடம் கத்தினாள்: "அம்மா, நீயும் வந்து இதைப் பண்ணிப் பாரு!"